ஒலிபெருக்கி இல்லாத வாக்களிப்பு நாள்

குடவாசல்காரன்
2 செப்டம்பர் 2023, காலை 10.40

நேத்து இங்க அதிபர் தேர்தல். நான் சிங்கப்பூர் வந்து ஆறு வருசம் ஆச்சு. ஒரு தேர்தலைக் கிட்ட நின்னு பார்த்தது இதுதான் முதல் தடவை. 2020 பொதுத் தேர்தல் அப்ப கொரோனாவால டோர்மிட்டரிய (தொழிலாளர் விடுதிய) விட்டு வெளிய வரவே முடியாத நிலைமை. இப்ப புக்கிட் பாத்தோக்ல ஒரு தமிழ்க் குடும்பத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்.

பழக்க தோஷம், காலையில ஆறு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. ஊர்ல அந்த நேரத்துக்கு ஆட்டோவும் ஆள் கூட்டிட்டுப் போற வேனும் தெருவுல நிக்கும். இங்க ஒரு குயில் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்துச்சு. அதுவும் தினம் கத்துறதுதான், தேர்தலுக்குன்னு இல்ல.

வீட்டுக்காரம்மாவோட அம்மாவுக்கு 79 வயசு. மூட்டு வலி, சக்கர நாற்காலி. "தம்பி, என்னைக் கொஞ்சம் கீழ தள்ளிட்டுப் போறியா"ன்னு கேட்டாங்க. பார்த்தா ஏழரைக்கே தயாரா உக்காந்திருக்காங்க. மாம்பழக் கலர்ல கைத்தறிப் புடவை, தோடு, நெத்தியில பெரிய பொட்டு. வாக்காளர் அட்டையும் ஐசியும் (அடையாள அட்டை) பிளாஸ்டிக் உறைக்குள்ள, அந்த உறை பிஸ்கட் டின்னுக்குள்ள, டின் மடியில. ஒரு வாரமா அந்த டின் ஃபிரிட்ஜ் மேல இருந்தது, யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு.

ரெண்டு புளோக் தள்ளி கீழ்த்தளத்துலதான் வாக்களிப்பு நிலையம். போன மாசம் அதே இடத்துல மலாய்க்காரங்க கல்யாணம் நடந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு சீனத் தாத்தாவோட சாவு. நேத்து கயிறு கட்டி, நாற்காலி போட்டு, அம்புக்குறி ஒட்டியிருந்தாங்க. வரிசையில ஒரு பதினஞ்சு பேர். பாதிப் பேர் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. ஒருத்தர் நாயோட வந்து, அதைக் கம்பத்துல கட்டிட்டு உள்ள போனார். போலீஸ்காரர் ஒரே ஒருத்தர். என்னைப் பார்த்து "நீங்க ஓட்டுப் போடுறீங்களா?"ன்னு கேட்டார். இல்லைன்னு சொன்னதும் பாட்டியை ஒரு பணியாளர் தள்ளிக்கிட்டுப் போயிட்டார். எனக்குச் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையைக் காட்டினாங்க. அங்க உக்காந்துட்டேன்.

பன்னிரண்டு நிமிசம். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பாட்டி திரும்பி வந்தாச்சு. சும்மா இருக்க முடியாம "யாருக்குப் பாட்டி போட்டீங்க?"ன்னு கேட்டுட்டேன். "கேட்கக் கூடாதுன்னுதான் உள்ள மறைப்பு வச்சிருக்கான். நீ வெளிய உக்காந்துக்கிட்டுக் கேட்குறியே"ன்னாங்க. அதுக்கு மேல கோப்பிக் கடை வர வரைக்கும் வாயைத் திறக்கல.

என் சந்தேகம் இதுதான். விரல்ல மை இல்ல. நூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு இல்ல. கட்சிக்காரன் மேசை போட்டு சிலிப் எழுதல. முந்தின நாள் கூலிங் ஆஃப் டேன்னு பிரசாரமே கிடையாது. 2011 உள்ளாட்சித் தேர்தல்ல எங்க மாமா மண்டையில நாலு தையல் போட்டவங்க நாங்க. இங்க நடந்தது அமைதியா, இல்ல யாருக்கும் அக்கறையே இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நம்ம ஊர்ல குடியரசுத் தலைவரை நாம தேர்ந்தெடுக்குறதில்ல. எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்தான் போடுறாங்க. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176ன்னு பரீட்சைக்குப் படிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால பாட்டி நேராப் போய் ஒரு நாட்டுத் தலைவருக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்தது எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு.

செம்பவாங்_செல்வி
2 செப்டம்பர் 2023, காலை 11.25

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா "அக்கறை இல்லையா"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

இங்க வாக்களிப்பது கட்டாயம். போடலன்னா பெயர் வாக்காளர் பட்டியல்ல இருந்து போயிடும். சரியான காரணம் இல்லாம விட்டிருந்தா, திரும்பச் சேர்க்க 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணும். உடனே "ஓ, அபராதத்துக்குப் பயந்து போடுறாங்க"ன்னு எழுதாதீங்க. 79 வயசுப் பாட்டி மூட்டு வலியோட 50 வெள்ளிக்காகவா புடவை மாத்திக்கிட்டு வந்தாங்க?

இங்க 2011ல நடந்த அதிபர் தேர்தல் உங்களுக்குத் தெரியாது. நாலு பேர் நின்னாங்க, நாலு பேர் பெயரும் டான். டோனி டானுக்கும் டான் செங் போக்குக்கும் வித்தியாசம் 7,382 வாக்குதான். மறுபடி எண்ணினாங்க. விடியற்காலை நாலு மணி தாண்டித்தான் முடிவு வந்தது. எங்க அப்பா சட்டை மாத்தாம சோபாவுல உக்காந்தே இருந்தார். தெருவுல ஒரு சத்தம் இல்ல, ஆனா எங்க புளோக்ல பாதி வீட்டுல விளக்கு எரிஞ்சது. அமைதின்னா எனக்கு அந்த விளக்குகள்தான் ஞாபகம் வரும்.

பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்க. செம்பவாங் பக்கமா அவங்க பூர்வீகம்?

குடவாசல்காரன்
2 செப்டம்பர் 2023, காலை 11.50

எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அவங்க அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவர்னு சொல்லுவாங்க. குவார்ட்டர்ஸ்ல பிறந்தாங்களாம்.

செம்பவாங்_செல்வி
2 செப்டம்பர் 2023, காலை 11.58

பிஸ்கட் டின்னை வச்சுத்தான். அந்தத் தலைமுறை முழுக்க அப்படித்தான். எங்க பாட்டி டின்னுக்குள்ள பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது, தைலப் புட்டி, எல்லாம் ஒண்ணா இருக்கும்.

மதுரை_மச்சான்
2 செப்டம்பர் 2023, பகல் 12.30

எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல காலையில இருந்து ஒரே வெடி. "சிங்கப்பூரை ஆளப்போகும் தமிழன்"னு தர்மன் சண்முகரத்னம் படத்தைப் போட்டு, பின்னாடி புலிக்கொடி வேற. எங்க சித்தப்பா போன் பண்ணி "இனிமே உனக்கு பி.ஆர். (நிரந்தரவாசம்) ஈசியாக் கிடைச்சிடும்ல"ன்னு கேட்குறார். நான் என்னத்தச் சொல்ல.

செம்பவாங்_செல்வி
2 செப்டம்பர் 2023, பகல் 12.52

சித்தப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க. ஆளுறது பிரதமரும் அமைச்சரவையும். அதிபருக்கு நாட்டோட இருப்புப் பணத்துக்கு ஒரு சாவி, முக்கியமான அரசுப் பதவி நியமனங்களுக்கு ஒரு சாவி. வேண்டாம்னு தடுக்க முடியும், கொள்கை வகுக்க முடியாது. பி.ஆர். விண்ணப்பத்துக்கும் இஸ்தானாவுக்கும் (அதிபர் மாளிகை) சம்பந்தமே இல்ல.

அப்புறம், தமிழர் அதிபரானது இது முதல் தடவையும் இல்ல. எஸ்.ஆர். நாதன் 1999ல இருந்து 2011 வரைக்கும் பன்னிரண்டு வருசம் இருந்தார். ஆனா ரெண்டு முறையும் போட்டி இல்ல. இந்த முறை மூணு பேர் நின்னு, சீனர்கள் முக்கால்வாசி இருக்குற நாட்டுல, தர்மனுக்கு 70.4 விழுக்காடு. இங் கோக் சோங்குக்கு 15.72, டான் கின் லியானுக்கு 13.88. எங்களுக்குப் புதுசு அதுதான். அதைப் புலிக்கொடிக்கு முன்னாடி நிறுத்துனா, ஓட்டுப் போட்ட என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி லிம்முக்கு என்ன மரியாதை?

துவாஸ்_குமாரு
2 செப்டம்பர் 2023, மதியம் 2.15

அண்ணே எங்க டோர்ம்ல யாருக்கும் என்ன தேர்தல்னே தெரியல. வெள்ளிக்கிழமை லீவுன்னு சொன்னாங்க. துணி துவைச்சோம், கோழிக் கொழம்பு வச்சோம், சாயங்காலம் கிரிக்கெட். ராத்திரி டிவியில அன்னாசிப்பழமாக் காமிச்சாங்க, என்னன்னு கேட்டா அதான் ஜெயிச்சவரு சின்னம்னாங்க.

ஒரு டவுட். எங்க ரூம்ல நாலு பேரை நேத்து வேலைக்குக் கூப்பிட்டாங்க. போனாங்க. சாதா நாள் சம்பளம்தான்னு சூப்பர்வைசர் சொல்றாரு. அது சரியா?

சம்பளக்கணக்கு
2 செப்டம்பர் 2023, மதியம் 2.40

சரியில்ல தம்பி. வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. ஓட்டு உரிமை இருக்குறவங்களுக்கு மட்டும் விடுமுறைன்னு நினைக்கிறாங்க சில பேர். அப்படி இல்ல, வெளிநாட்டு ஊழியருக்கும் அதே கணக்குதான். அன்னிக்கு வேலை செஞ்சா வழக்கமான சம்பளத்துக்கு மேல ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் தரணும். இல்லைன்னா ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு வேறொரு நாள் லீவு. அந்த நாலு பேரும் நேரச் சீட்டை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கட்டும். முதல்ல ஆபீஸ்ல கேளுங்க, பாதி இடத்துல கணக்கு எழுதுறவர் கவனிக்காம விட்டிருப்பார். நானே ஒரு தடவை அப்படி விட்டு வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். தரலைன்னா மனிதவள அமைச்சுல சொல்லலாம், பயப்பட வேண்டாம்.

துவாஸ்_குமாரு
2 செப்டம்பர் 2023, மதியம் 2.44

நன்றி அண்ணே. திங்கக்கிழமை கேக்கச் சொல்றேன்.

வெண்கட்டி
2 செப்டம்பர் 2023, மாலை 5.05

இப்போதுதான் தூங்கி எழுந்தேன். நான் ஆசிரியை. நேற்று ஒரு வாக்களிப்பு நிலையத்தில் பணி. நேற்று ஆசிரியர் தினமும்கூட என்பதை யாராவது கவனித்தீர்களா? செப்டம்பர் முதல் வெள்ளி. மாணவர்கள் முந்தின நாள் கொடுத்த பூ இன்னும் பையில் வாடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே கல் மேசையில் இருப்பவருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இருட்டு விலகுவதற்கு முன்பே வந்துவிட்டோம். வாக்குப் பெட்டி காலியாக இருப்பதை முகவர்களுக்குக் காட்டி முத்திரை வைத்தோம். எட்டு மணிக்குத் திறப்பு, இரவு எட்டுக்கு மூடல். பன்னிரண்டு மணி நேரம் ஒரே வாக்கியம்: ஐசி, அட்டை, நன்றி, அந்தப் பக்கம். சிலர் கைப்பேசியில் மின்-அட்டையைக் காட்டினார்கள். வயதானவர்கள் எல்லோரும் காகித அட்டைதான், பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில்.

பேனாவுக்குப் பதில் பெருக்கல் குறி முத்திரை வைத்திருந்தோம். ஒரு தாத்தா அதை அழுத்தவே இல்லை, மெல்லத் தொட்டு எடுத்திருக்கிறார். வெளியே வந்து, "பாதிதான் விழுந்தது, என் வாக்கு போச்சா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் செல்லும் என்றேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறை சொன்னேன். அக்கறை இல்லை என்கிறவர்கள் அந்தத் தாத்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பயம் உண்டு. வாக்குச் சீட்டில் வரிசை எண் இருக்கும். "இதை வைத்து நான் யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடிப்பார்களா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கள்ளச் சீட்டு கலக்காமல் இருக்கத்தான் அந்த எண். எண்ணி முடித்தபின் சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றக் காப்பறைக்குப் போகும், ஆறு மாதம் கழித்து அழிக்கப்படும். இதை எங்கள் வீட்டிலேயே என் மாமியாருக்கு மூன்று தேர்தலாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் தலையாட்டுகிறார், நம்புவதில்லை.

எட்டாவது_மாடி
2 செப்டம்பர் 2023, இரவு 7.20

எல்லோரும் மாறி மாறிப் பாராட்டுறீங்க, நான் கொஞ்சம் புளி கரைக்கிறேன். நான் இந்த நாட்டுக் குடிமகன், நேத்து ஓட்டுப் போட்டவன்.

அமைதியா இருந்துச்சு, மறுக்கல. ஆனா ஏன் அமைதின்னும் பாருங்க. திடல் கூட்டம் ஒண்ணுகூட இல்ல, எல்லாம் தொலைக்காட்சியும் இணையமும்தான். இங் கோக் சோங் சுவரொட்டியே ஒட்டல. நிக்கிறதுக்கான தகுதி எப்படி? தனியார் துறையில இருந்து தானாத் தகுதி கிடைக்கணும்னா 50 கோடி வெள்ளி பங்குதாரர் மூலதனம் உள்ள நிறுவனத்தைத் தலைமை தாங்கி நடத்தியிருக்கணும். 2017ல மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கின தேர்தல், தகுதிச் சான்றிதழ் கிடைச்சது ஒருத்தருக்குத்தான், ஓட்டுப் பெட்டியே திறக்கல. அன்னிக்கும் ரொம்ப அமைதியாத்தான் இருந்துச்சு! வாசல் குறுகலா இருந்தா கூட்டம் நெரியாதுதானே.

மண்டை உடையணும்னு நான் சொல்லல. ஆனா குடவாசல்காரர் கேட்ட கேள்வி தப்பான கேள்வி இல்லைங்கறேன்.

செம்பவாங்_செல்வி
2 செப்டம்பர் 2023, இரவு 7.48

2017 பத்தி நீங்க சொன்னதுல எனக்கும் மனத்தாங்கல் உண்டு. அந்த வருசம் எங்க வீட்டுல டின்னைத் திறக்கவே இல்ல. ஆனா நேத்து நடந்ததையும் அதையும் ஒரே தராசுல வைக்காதீங்க. நேத்து மூணு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தோம். 27 லட்சத்துக்கு மேல வாக்காளர்கள். ராத்திரி பத்தரை மணி வாக்குல மாதிரி எண்ணிக்கை வந்தப்ப எங்க புளோக்ல யாரோ தகரத்தைத் தட்டினாங்க. ஒரே ஒரு தட்டு, உடனே யாரோ அதட்டியிருக்கணும், நின்னுபோச்சு. சிங்கப்பூர்க் கொண்டாட்டம்.

எட்டாவது_மாடி
2 செப்டம்பர் 2023, இரவு 8.02

அது நீங்க சொல்ற தகரம் எங்க புளோக்காகூட இருக்கலாம். அதட்டினது என் மனைவி.

மட்டுறுத்துநர்
2 செப்டம்பர் 2023, இரவு 8.30

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வேட்பாளர்களின் குடும்பத்தையும் வயதையும் பற்றிய கேலி இங்கே வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் கவனத்துக்கு: குடிமக்கள் அல்லாதவர்கள் இங்கே தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடச் சட்டம் இடம் தரவில்லை. அனுபவத்தை எழுதுங்கள், அதற்குத் தடை இல்லை.

குடவாசல்காரன்
3 செப்டம்பர் 2023, காலை 9.15

எல்லாருக்கும் நன்றி. எட்டாவது மாடி அண்ணன் சொன்னதும் வெண்கட்டி டீச்சர் சொன்னதும் ரெண்டுமே மனசுல ஓடிக்கிட்டிருக்கு. அக்கறை இல்லையோன்னு கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன். மத்தது எனக்கு இன்னும் பிடிபடல.

இந்த இழையைப் பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். வரிசை எண் கதை வந்ததும் "அந்த டீச்சர் மாமியார் கெட்டிக்காரி"ன்னாங்க. அவ்வளவுதான் கருத்து.

நேத்து மத்தியானம் வீட்டுல அன்னாசிப் பச்சடி. யாரும் எதுவும் கேட்கல, யாரும் எதுவும் சொல்லல.

எனக்கு ஒரு சின்ன வருத்தம் மட்டும் இருக்கு. கல் மேசையில உக்காந்திருந்தப்ப, என் பேரு எந்தப் பட்டியல்ல இருக்குன்னு யோசிச்சேன். ஊர்ல எங்க தெரு வாக்குச்சாவடியில இன்னும் இருக்கு, ஆனா நேர்ல போனாத்தான் போட முடியும். 2019லயும் 2021லயும் டிக்கெட் விலையைப் பார்த்துட்டு விட்டுட்டேன். இங்க வேலை செய்யறேன், இங்க ஓட்டு இல்ல. அங்க ஓட்டு இருக்கு, நான் அங்க இல்ல. குறையாச் சொல்லல, கணக்குச் சொன்னேன்.

மதுரை_மச்சான்
3 செப்டம்பர் 2023, காலை 9.40

அடுத்த தடவை சேர்ந்து டிக்கெட் போடுவோம் மாப்ள. திருச்சி பிளைட்ல பாதிப்பேர் நம்ம கேஸ்தான்.

பனங்காய்
22 செப்டம்பர் 2024, மாலை 6.10

பழைய இழையைக் கிளறுறதுக்கு மன்னிக்கோணும். நான் யாழ்ப்பாணம். இஞ்ச வந்து ஒன்பது வருசம். நேற்று எங்கட நாட்டில ஜனாதிபதித் தேர்தல். ஒரு விசயம் கவனிச்சனீங்களோ, இஞ்ச அதிபர், உங்கட ஊரில குடியரசுத் தலைவர், எங்களுக்கு ஜனாதிபதி. மூண்டு ஊர்த் தமிழுக்கும் மூண்டு பேர்.

வெளிநாட்டில இருந்து வாக்குப் போட எங்களுக்கு வழி இல்லை. அதால நேற்று முழுக்கப் போனும் கையுமாத்தான். விடியவே அம்மாவுக்கு எடுத்தன். ஏழு மணிக்குத் துவங்கினது, அவ ஏழரைக்கே போட்டிட்டு வந்திட்டா. "சனம் எப்பிடி அம்மா?" எண்டு கேட்டன். "வரிசை இருந்தது. ஒருத்தரும் ஒருத்தரையும் முறைக்கேல்லை. வாசலில நாய் ஒண்டு படுத்திருந்தது, எல்லாரும் அதைக் கடந்து போனவை" எண்டா.

குடவாசல்காரர் அமைதியா, அக்கறை இல்லையா எண்டு கேட்டிருக்கிறார். எனக்கு இன்னொரு அமைதியும் தெரியும். 2005 நவம்பர். எனக்குப் பதினாலு வயசு. அப்பா கச்சேரியில (மாவட்டச் செயலகம்) கிளாக், வாக்களிப்பு நிலையத்தில கடமை. புலிகள் புறக்கணிக்கச் சொல்லியிருந்தவை. அப்பா காலமை சாப்பாட்டுப் பார்சலோட போய், பின்னேரம் அதே பார்சலோட திரும்பி வந்தார். சாப்பிடேல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில நூறு பேருக்கு ரெண்டு பேர்கூடப் போடேல்லை. பெட்டிக்கு முன்னால நாள் முழுக்கச் சும்மா இருந்தவையாம். றோட்டில சைக்கிள் சத்தமும் இல்லை. அண்டைக்கு ஒருத்தற்ற மண்டையும் உடையேல்லைத்தான்.

அதால எனக்கு இஞ்சத்த கீழ்த்தள வரிசையைப் பாக்கேக்க பொறாமையா இருக்கும். போன வருசம் எங்கட புளோக்கிலயும் நிண்டு பாத்தனான். ரப்பர் செருப்போட வந்து போடுற அந்த அசட்டை இருக்கே, அதுதான் எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது.

எட்டாவது_மாடி
22 செப்டம்பர் 2024, இரவு 7.35

2005 பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். போன வருசம் நான் எழுதினதை மாத்திக்கல. ஆனா அந்தச் சாப்பாட்டுப் பார்சல் போகாது மனசுல இருந்து.

குடவாசல்காரன்
22 செப்டம்பர் 2024, இரவு 8.05

அக்கா, செய்தியில அங்க ஊரடங்குன்னு போட்டிருந்தானே? அம்மா பத்திரமா இருக்காங்களா? இங்க பாட்டியும் கேட்கச் சொன்னாங்க.

பனங்காய்
22 செப்டம்பர் 2024, இரவு 8.20

ஓம், நேற்று இரவு பத்து மணிக்குப் போட்டவை. முன்னெச்சரிக்கை எண்டுதான் சொன்னவை, ஒரு பிரச்சினையும் இல்லை. பத்தரைக்கு நான் பயந்து போய் எடுக்க, அம்மா நித்திரைக் குரலில "விடிய இடியப்பம் அவிக்கோணும், வை போனை" எண்டா. பாட்டியிட்டச் சொல்லுங்கோ.